திருகோணமலையில் ஒரு மாதம், நான்கு தேடுபொறிகள்

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிறிய கணினிக் கடையை 2003ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறேன். போட்டோக்கொப்பி எடுத்துக்கொடுப்பது, விண்ணப்பப் படிவங்களைப் பதிவிறக்கி நிரப்பிக்கொடுப்பது, பரீட்சைப் பெறுபேறு பார்த்துக்கொடுப்பது ஆகியவையே பிரதான வேலை. சென்ற மாதம் மூதூரிலிருந்து வந்த உயர்தர மாணவி ஒருவர் தமது செயற்றிட்டத்துக்கான தகவல்களை இரண்டு தேடுபொறிகளில் மாறிமாறித் தேடிவிட்டு, "அங்கிள், எதுல தேடினாலும் ஒரே விடைதானே வருகுது, அப்ப எதுக்கு இத்தினை பேர்ல வச்சிருக்காங்க?" என்று கேட்டார். நாளாந்தம் அந்தப் பெட்டிக்குள் சொற்களைத் தட்டிப் பிழைப்பு நடத்துகிற எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியவில்லை. ஆகவே கடையிலுள்ள நான்கு கணினிகளிலும் கூகுள், பிங், டக்டக்கோ, பிரேவ் ஆகிய நான்கையும் கணினிக்கு ஒன்றாக அமைத்து, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளையே நான்கிலும் ஒரு மாதம் தேடிப் பார்த்தேன். அந்த அனுபவமும், அதன் வழியே நான் தேடி அறிந்த நிறுவனங்களின் கதையுமே இந்த மதிப்புரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கடையில் நான் கண்ட குறைகளைச் சொல்லும்போது எந்தத் தேடுபொறியில் கண்டேன் என்று பெயர் குறிப்பிடமாட்டேன். ஒரே கேள்விக்கு இன்று வரும் விடை நாளை வருவதில்லை. எனக்கு வருவது உங்களுக்கு வராமலும் போகலாம். ஒரு கடைக்காரனின் ஒரு மாத அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டுவது நியாயமாகாது. நிறுவனங்களைப் பற்றிப் பெயர் குறிப்பிட்டு எழுதுவதெல்லாம் ஊரறிந்த, பதிவிலுள்ள செய்திகள்.

முதலாவது சோதனை ஒரு சொல்லைப் பற்றியது. கிழக்கு மாகாணத்தில் 'பாதை' என்றால் நடக்கும் வழி மட்டுமன்று. களப்பையும் ஆற்றையும் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் அதுவே பெயர். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போனவர்கள் பாதையில் ஏறித்தான் போனார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் பறிபோனபோது, இந்த மாவட்டம் முழுவதும் அழுதபடி சொன்னதும் அந்தச் சொல்லைத்தான். அந்த மாணவியின் செயற்றிட்டமும் களப்பைக் கடந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியதே. 'கிண்ணியா பாதை' என்று நான்கிலும் தட்டினோம். ஒன்று, நகரத்திலிருந்து கிண்ணியாவுக்கு மோட்டார் வாகனத்தில் போகும் வழியைப் படம் போட்டுக் காட்டியது. இன்னொன்று வீதி அபிவிருத்திச் செய்திகளை அடுக்கியது. மற்றொன்றில், கேள்விக்கு மேலேயே தோன்றும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், கிண்ணியாவுக்குப் போக இன்றும் மிதவையில்தான் ஏற வேண்டும் என்று, பாலம் வருவதற்கு முன்னர் எழுதப்பட்ட ஏதோவொரு பயணக் குறிப்பை நம்பி, தயக்கமே இல்லாத நடையில் கூறியது. 'குறிஞ்சாக்கேணி' என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டிய பிறகுதான் மாணவிக்கு வேண்டிய செய்திகள் கிடைத்தன. ஊரின் பெயரை முன்கூட்டியே அறிந்தவருக்கு மட்டும் விடை கிடைக்கும் என்றால், அறியாதவர் என்ன செய்வார்?

கன்னியா வெந்நீரூற்றுகளைத் தேடியபோதும் இதே சங்கடம். ஏழு கிணறுகளும் திறந்திருக்கும் நேரத்தை அறிய விரும்பிய ஒரு குடும்பத்துக்காக 'கன்னியா' என்று தட்டினேன். ஒரு தேடுபொறி கன்னியாகுமரியின் சூரிய உதயத்தைக் காட்டியது. இன்னொன்று, எழுத்துப்பிழை என்று தானே முடிவுசெய்துகொண்டு கிண்ணியாவுக்கு அழைத்துச் சென்றது. 'கன்னியா வெந்நீரூற்று திருகோணமலை' என்று மூன்று சொற்களாகக் கொடுத்தபோது நான்கும் திருந்தின. தமிழில் தேடுகிறவர்களுக்கு என் முதலாவது ஆலோசனை இதுதான்: ஊர்ப் பெயருடன் மாவட்டத்தின் பெயரையும் எப்போதும் சேர்த்துத் தட்டுங்கள்.

டக்டக்கோவும் பிங்கும் தந்த இணைப்புகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. மாணவியின் கண்ணில் பட்டதும் அதுதான். இதில் மறைவு எதுவுமில்லை. தனது இணைப்புகள் பெருமளவு பிங்கிலிருந்து பெறப்படுகின்றன என்பதை டக்டக்கோவே வெளிப்படையாகச் சொல்கிறது. தேடுபொறி என்பது ஒரு கடைப் பலகையைப் போன்றது. இணையத்திலுள்ள கோடிக்கணக்கான பக்கங்களை இடைவிடாமல் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை அந்தக் கடையின் சமையலறை. அந்த அட்டவணையை உருவாக்கிப் பேணுவதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் என்பதால், பலகை வைத்திருக்கும் எல்லோரிடமும் சமையலறை இருப்பதில்லை. உலகின் பெரும்பகுதிக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பரிமாறும் மிகப் பெரிய சமையலறைகள் இரண்டுதான்: ஒன்று கூகுளுடையது, மற்றையது மைக்ரோசொஃப்டின் பிங்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இருக்கவில்லை. கடை திறந்த காலத்தில், தொலைபேசி இணைப்பு வழியே கரகரவென்று ஒலியெழுப்பி இணையம் வந்த நாட்களில், எம்மவர்க்கு இணையம் என்றால் யாஹூ. கனடாவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகளுடன் பேச யாஹூ மெசெஞ்சர். கடிதத்துக்கு யாஹூ மின்னஞ்சல். தேடலுக்கும் அதே முகப்பு. ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்தே யாஹூவின் தேடல் பெட்டிக்குள் விடை தந்துகொண்டிருந்தது கூகுள் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பின்னர் யாஹூ சொந்தச் சமையலறை ஒன்றை விலைகொடுத்து வாங்கத் தீர்மானித்தது. இங்க்டோமி நிறுவனத்தை ஏறத்தாழ 235 மில்லியன் டொலருக்கு 2003 மார்ச்சில் தனதாக்கியது. அதே ஆண்டு ஓவர்ச்சர் நிறுவனத்தை ஏறத்தாழ 1.63 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்த ஓவர்ச்சரோ, சில மாதங்களுக்கு முன்னர்தான் அல்ராவிஸ்ராவையும் நோர்வேயின் ஒல்தவெப் தேடுபொறியையும் வாங்கியிருந்தது. ஆக, ஓராண்டுக்குள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பொறியியலாளர்கள் கட்டியெழுப்பிய மூன்று அட்டவணைகள் ஒரே முதலாளியின் கைக்குள் வந்தன. 2004 பெப்ரவரியில் கூகுளை அகற்றிவிட்டு யாஹூ தன் சொந்த விடைகளைப் பரிமாறத் தொடங்கியது. அந்தச் சில ஆண்டுகளில், கூகுளுக்கு நேர் எதிரே நிற்கக்கூடிய ஒரு சமையலறை உண்மையாகவே இருந்தது.

ஓவர்ச்சரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று நம்மைத் தொந்தரவு செய்யும் ஒரு விடயம் அங்கிருந்துதான் வந்தது. 1998இல், கோட்டு என்ற பெயரில் இயங்கியபோது, தேடல் சொல் ஒவ்வொன்றையும் விளம்பரதாரர்களுக்கு ஏலத்தில் விட்டு, யாராவது கிளிக் செய்தால் மட்டும் பணம் வாங்கும் முறையை அந்த நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுளும் அதே வகை முறையைக் கைக்கொண்டபோது காப்புரிமை வழக்கு எழுந்தது. 2004 ஓகஸ்டில், பங்குச் சந்தையில் நுழைவதற்குச் சற்று முன்னர், கூகுள் 2.7 மில்லியன் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. அந்த ஏலத்தின் விளைவை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு நண்பர் அண்மையில் அனுபவித்தார். தம்முடைய விடுதியில் தங்கவிருந்த வெளிநாட்டவருக்கு விசா விண்ணப்பிக்க உதவுவதற்காக என் கடைக் கணினியில் தேடினார். முதலில் தோன்றிய இணைப்பின் நிறமும் எழுத்தும் அரச தளத்தை ஒத்திருந்தன, கட்டணத்தையும் கேட்டது. அட்டை இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைத் தட்டுவதற்கு முன் நான் தடுத்தேன். இணைப்பின் மேல் மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்றிருந்தது. அது ஓர் இடைத்தரகரின் தளம். அரச திணைக்களத்தின் உண்மையான தளம் நான்காவது இடத்தில், திரையின் விளிம்புக்குக் கீழே கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: அரச படிவம் தேடுவோர், முகவரி 'கவ் டொட் எல்கே' என்று முடிகிறதா என்று பார்த்த பின்னரே உள்ளே போகவும்.

மீண்டும் யாஹூவுக்கு வருவோம். 2008 பெப்ரவரி முதலாம் திகதி, மைக்ரோசொஃப்ட் யாஹூ முழுவதையும் 44.6 பில்லியன் டொலருக்கு வாங்க முன்வந்தது. பங்கொன்றுக்கு 31 டொலர் என்ற விலையை 33 வரை உயர்த்தியது. யாஹூ தரப்பு 37 கேட்டது. மே மாதத் தொடக்கத்தில் மைக்ரோசொஃப்ட் பின்வாங்கியது. அதற்கு மாற்றாக, விளம்பரத்தில் கூகுளுடன் கைகோக்க யாஹூ செய்த ஒப்பந்தமும், அமெரிக்க நீதித்துறைத் திணைக்களம் வழக்குத் தொடுக்க ஆயத்தமானதால், அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. 2009 ஜூலையில் மைக்ரோசொஃப்டுடன் பத்தாண்டு ஒப்பந்தமொன்று கையெழுத்தானது: யாஹூவின் தேடலுக்கு இனிப் பிங்கே விடை தரும். வாங்குவதற்கு 44.6 பில்லியன் கொடுக்க ஆயத்தமாயிருந்த நிறுவனம், வாங்காமலேயே அந்தச் சமையலறையை மூடவைத்தது என்பதுதான் இதன் பொருள். அல்ராவிஸ்ரா 2013 ஜூலை 8ஆம் திகதி நிறுத்தப்பட்டது. யாஹூவின் பிரதான வணிகத்தை 2017இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் 4.48 பில்லியன் டொலருக்கு வாங்கியது. சீனாவின் அலிபாபா நிறுவனத்தில் யாஹூ வைத்திருந்த பங்குகள் அந்த விற்பனையில் சேரவில்லை என்றாலும், இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம் எனக்கு இன்றும் மனத்தாங்கலைத் தருகிறது. விலை குறைந்ததற்காக அல்ல. மூன்று அட்டவணைகளும் அவற்றைக் கட்டியவர்களின் உழைப்பும் ஒரே மாற்று வழியாக வளர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு, அந்தப் பேரங்களுக்கு நடுவே காணாமற்போனதற்காக.

எமது நாட்டவருக்கு இந்த அனுபவம் புதிதன்று. 072 கைபேசி இலக்கத்தில் எட்டிசலாத் வைத்திருந்தவர்கள் 2018இன் பின்னர் ஹச் பாவனையாளர்கள் ஆனார்கள். 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்கின் கைக்கு மாறியபோது 075 இலக்கங்களும் அந்த வழியே போயின. இலக்கம் பழையதாகவே இருக்கும். பின்னால் நிற்கும் முதலாளி மாறிவிடுவார். தேடுபொறிகளிலும் அவ்வாறே. தொலைபேசியில் சேவை பிடிக்காவிட்டால் வேறு அட்டை போடலாம் என்ற தெரிவு குறைவதைக் கோபுரங்களின் எண்ணிக்கையிலிருந்தாவது அறியலாம். தேடலில் அந்தத் தெரிவு குறைந்தது பெரும்பாலானோருக்குத் தெரியவே இல்லை.

கூகுள் வாங்கியவை வேறு வகையானவை. போட்டியாளரின் தேடுபொறிகளைவிட, தேடலுக்கு ஆட்கள் வந்துசேரும் வாசல்களையே அது பெரும்பாலும் வாங்கியது. 2005இல் அன்ட்ரொய்ட், 2006இல் 1.65 பில்லியன் டொலருக்கு யூடியூப். 2007இல் அறிவித்து 2008 மார்ச்சில் நிறைவுசெய்த டபிள்கிளிக் விளம்பர நிறுவனம், 3.1 பில்லியன் டொலர். வாங்க முடியாத வாசல்களுக்கு வாடகை கொடுத்தது. தனது தேடுபொறியே முதலில் தோன்ற வேண்டும் என்பதற்காக 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டொலர் செலுத்தப்பட்டதும், 2022இல் அப்பிள் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 பில்லியன் டொலர் சென்றதும் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தன. 2023 ஒக்டோபரில் அந்த வழக்கில் சாட்சியமளித்தவர்களில் இருவர் நம் பக்கத்தவர்கள்: ஐதராபாத்தில் பிறந்த மைக்ரோசொஃப்டின் சத்யா நாதெல்லாவும், மதுரையில் பிறந்த கூகுளின் சுந்தர் பிச்சையும். 2008இல் குரோம் உலாவியை வெளிக்கொணர்ந்த குழுவை வழிநடத்தியவர் சுந்தர் பிச்சை. தமிழர் என்ற வகையில் எனக்கு அதில் உள்ள பெருமையை மறைக்க வேண்டியதில்லை, அந்த உலாவி இன்று எவ்வளவு வலிமையான வாசலாகிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி, தேடலில் தன் ஏகபோகத்தைக் கூகுள் சட்டவிரோதமாகத் தக்கவைத்தது என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்டெம்பரில் வந்த பரிகாரக் கட்டளையில், குரோமை விற்க வேண்டியதில்லை என்றார். ஆனால் பிறரை விலக்கும் பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடைசெய்து, தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுடன் பகிருமாறு கட்டளையிட்டார்.

ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் அன்ட்ரொய்ட் தொடர்பில் 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்த பின்னர், அங்கு விற்கப்படும் கைபேசிகளில் எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. என் கடைக்கு வரும் புதிய கைபேசிகளில் அந்தத் திரையை நான் ஒருபோதும் கண்டதில்லை. எமது நாட்டில் 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளை ஆராயும் அதிகாரம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அந்த அதிகாரம் இடம்பெறவில்லை. எனவே கைபேசி அமைப்புக்குள் புகுந்து தேடுபொறியை மாற்றும் வேலையை இங்கே ஒவ்வொருவரும் தாமாகவே செய்ய வேண்டியிருக்கிறது. நான் வாடிக்கையாளர்களுக்கு இதை இலவசமாகவே செய்துகாட்டுகிறேன். இரண்டு நிமிட வேலை.

இரண்டு சமையலறைகள் மட்டும் இருப்பதன் ஆபத்து 2024 மே 23ஆம் திகதி வெளிப்பட்டது. அன்று பிங் சிலமணி நேரம் தடைப்பட்டபோது, டக்டக்கோவும் ஜேர்மனியின் எக்கோசியா தேடுபொறியும் சேர்ந்தே தடைப்பட்டன. 2025 ஓகஸ்டில், பிறர் தன் அட்டவணையைப் பயன்படுத்த நெடுங்காலமாகத் திறந்துவைத்திருந்த பொதுச் சேவையையும் மைக்ரோசொஃப்ட் மூடியது. தனி ஒப்பந்தம் உள்ள பெரியவர்கள் தப்பினார்கள். இதனால்தான் பிரேவ் தேடுபொறி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜேர்மனியில் கிளிக்ஸ் நிறுவனம் மூடப்பட்ட பின்னர் அதன் பொறியியலாளர்கள் தொடர்ந்து வளர்த்த ரெயில்கட் என்ற தேடுபொறியை 2021 மார்ச்சில் பிரேவ் வாங்கி, மூடிவிடாமல், அதன்மேல் சொந்த அட்டவணையைக் கட்டியது; 2023 முதல் பிங்கின் உதவியின்றி இயங்குகிறது. இந்தக் கதை முழுவதிலும், ஒரு கொள்வனவால் சமையலறை ஒன்று கூடியது என்று நான் மகிழ்ச்சியுடன் சொல்லக்கூடிய இடம் இது.

இனி என் தெரிவுகள். தமிழில் எழுதத் தெரியாத, ஆனால் பேசிக் கேட்கக்கூடிய முதியவர்களுக்கு நான் கூகுளையே திறந்துகொடுக்கிறேன். அதன் குரல்வழித் தட்டச்சில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழ் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கிறது. இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்த பின்னர், சாம்பல்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா ஓய்வூதியப் படிவத்தைக் கேட்டுச் சொன்ன முழு வாக்கியமும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் திரையில் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தம் தேடல்கள் தம்மைப் பின்தொடர வேண்டாம் என்று விரும்புவோருக்கு டக்டக்கோ. அதில் ஆச்சரியக்குறியிட்டு ஒரு எழுத்தைத் தட்டினால் விக்கிப்பீடியா முதலிய வேறு தளங்களுக்குள் நேராகத் தேடலாம். மாணவர்கள் இதை ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். நோய், மருந்து, கடன் போன்ற விடயங்களை ஒருபோதும் ஒரு தேடுபொறியில் மட்டும் பார்க்கவிடுவதில்லை. கூகுளில் ஒருமுறையும் பிரேவில் ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறேன், ஏனெனில் அவை இரண்டும் வெவ்வேறு அட்டவணைகள். பிங்கையும் யாஹூவையும், அல்லது பிங்கையும் டக்டக்கோவையும் ஒப்பிட்டுவிட்டுத் திருப்தியடைபவர் பற்றி எனக்குக் கவலை உண்டு. யாஹூவும் பிங்கும் ஒன்று என்று ஒருவர் சொல்லித்தந்தால்தானே அவருக்குத் தெரியும்?

மாணவிக்கு இதையெல்லாம் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மூதூர் பஸ் நேரத்தை யாராவது தமிழில் ஒழுங்காக எழுதிவைத்திருந்தால் அல்லவா எந்தத் தேடுபொறியாவது கண்டுபிடிக்கும் என்றார். அது சரியென்று பட்டதால், பஸ் நிலையத்துப் பலகையிலிருந்து திருகோணமலை–மூதூர் நேரங்களை இருவருமாகப் பிரதிசெய்து, ஒரு தனிப் பக்கமாக இணையத்தில் ஏற்றினோம். கிண்ணியாவைக் கடக்கும் இடத்தில், முன்னர் 'பாதை' ஓடியது என்பதையும், பாதை என்றால் இங்கே மிதவை என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் அந்தப் பக்கம் ஒரு தேடுபொறியில் தோன்றியது. மற்ற மூன்றையும் திங்கட்கிழமை தோறும் கடை திறந்தவுடன் பார்த்து, சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவருகிறேன்.